கூரை வீட்டிலிருந்து மெத்தை வீட்டுக்கு: குரும்பலூர்ப் பகுதியில் கட்டடப் பொருளும் நகர வாழ்வும்

முன்னுரை

பெரம்பலூரிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் உள்ள பேரூராட்சி குரும்பலூர். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் விளையும் நிலங்களுக்கு நடுவே கடைத்தெரு, அரசு கலை அறிவியல் கல்லூரி, மாடி வீடுகள் என நகரத்தின் அடையாளங்களைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொண்ட ஊர். இத்தகைய ஊர்கள் நகரமாவதை மக்கள்தொகைக் கணக்கை வைத்தே பேசுவது வழக்கம். அந்த வரலாற்றை வீட்டின் கூரையிலும் வாசலிலும் படிக்க முடியும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். கட்டடப் பொருள் மாறிய போக்கைத் தொழில், அரசுக் கொள்கை, உழைப்பு ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தால், நகர வசதி யாருக்கு எப்போது கிடைத்தது என்பது புலப்படும்.

மண், செங்கல், சுண்ணாம்பு

இப்பகுதியின் பழைய கட்டடக் கலைக்குச் சோழர் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரமே முதன்மைச் சான்று. அங்கே கோயில் கருங்கல்லால் எழுந்தது; அரசன் வாழ்ந்த மாளிகையோ செங்கல்லால் ஆனது. அம்மாளிகை இருந்த மாளிகைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் செங்கற்சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், மரத்தூண்களைத் தாங்கிய கருங்கல் அடித்தளங்கள் ஆகியவை வெளிப்பட்டன. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கோயில் மதிலின் கற்களே பெயர்த்துச் செல்லப்பட்டன. பழைய கட்டடத்தைப் புதிய கட்டடத்துக்குரிய கற்குவியலாகப் பார்க்கும் வழக்கம் புதிதன்று.

செங்கல், சுண்ணாம்பு, ஓடு, மரம் ஆகிய இதே பொருள்கள்தாம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை வசதி படைத்தோர் வீடுகளிலும் தொடர்ந்தன. காளவாயில் சுட்ட சுண்ணாம்பை மணலோடு செக்கில் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துச் சாந்து தயாரித்தார்கள். பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியபின், 'சீமை ஓடு' படிப்படியாக உள்ளூர்களுக்கும் வந்து நாட்டு ஓட்டின் இடத்தைப் பிடித்தது. மற்ற பெரும்பாலோருக்கு மண்சுவரும் ஓலைக் கூரையுமே வீடு. கோடையில் ஒரு தீப்பொறி தெருவையே எரித்துவிடும். மழையில் சுவர் கரையும். கூரை வீடு, ஓட்டு வீடு, மெத்தை வீடு என்ற வரிசை கட்டட வகையை மட்டும் குறிக்கவில்லை. குடும்பத்தின் நிலவுடைமையையும் சாதியையும் சேர்த்தே சொன்னது.

கடல் விட்டுச்சென்ற கல்

ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியின் கிழக்கே கடல் பரவியிருந்தது. அந்தக் கடல் விட்டுச்சென்ற படிவுகளே அரியலூர் வட்டாரத்தின் சுண்ணாம்புக் கல். 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் ஆராய்ந்து வெளிப்படுத்திய சாத்தனூர்க் கல்மரம், சுமார் 18 மீட்டர் நீளத்தில், அந்தக் காலத்துக்கு இன்றும் சான்றாகக் கிடக்கிறது.

இந்தக் கல் சிமெண்ட் ஆவதற்கு இருப்புப்பாதை தேவைப்பட்டது. 1920களின் இறுதியில் விழுப்புரம்–திருச்சி குறுக்குப் பாதை அரியலூர் வழியாகத் திறக்கப்பட்டது. 1939இல் அப்பாதையை ஒட்டிக் கல்லக்குடியில் டால்மியா ஆலை இயங்கத் தொடங்கியது. 1979இல் தமிழ்நாடு சிமெண்ட் கழகம் ஆண்டுக்கு 5 லட்சம் டன் திறனுள்ள ஆலையை அரியலூரில் அமைத்தது. பின்னர்த் தனியார் ஆலைகளும் பெருகின. சென்னையின் அடுக்குமாடிகளுக்கும் மேம்பாலங்களுக்கும் இவ்வட்டாரத்து நிலமே சிமெண்டாகிப் போனது. இங்கே மிஞ்சியவை ஆழமான சுரங்கப் பள்ளங்களும் லாரிகள் கிளப்பும் புழுதியும்.

ஆலை பக்கத்தில் இருந்தும் மூட்டை எளிதாகக் கிடைத்துவிடவில்லை. சிமெண்ட் விலையும் பங்கீடும் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தன. சாதாரண மனிதர் பெர்மிட்டுக்கு அலைய வேண்டியிருந்தது. 1982இல் பகுதியளவும் 1989இல் முழுமையாகவும் அக்கட்டுப்பாடு நீங்கியது. கான்கிரீட் தளம் தெருவுக்குத் தெரு பரவியதற்கு ஆலைகளின் எண்ணிக்கையைவிட இந்தக் கொள்கை மாற்றத்தையே முதன்மைக் காரணமாகக் கொள்ள வேண்டும். வெளிநாடு சென்றோர் அனுப்பிய பணமும் அரசு வீட்டுவசதித் திட்டங்களும் அதற்குத் துணைநின்றன. 2015இல் செயலுக்கு வந்த அம்மா சிமெண்ட் திட்டம் 100 சதுர அடிக்கு 50 மூட்டை என்ற கணக்கில், மூட்டை 190 ரூபாய்க்கு வழங்கியது.

தளமும் வாசலும்

தளம் போடும் நாள் இன்றும் ஒரு வீட்டு விசேஷம் போலத்தான் நடக்கிறது. கலவை இயந்திரத்திலிருந்து மேலே வரை வரிசையாக நின்று ஆட்கள் சட்டியைக் கைமாற்றுகிறார்கள். அவ்வரிசையில் பெண் சித்தாள்கள் கணிசமாக இருப்பார்கள். மறுநாள் தளத்தின்மேல் வயலைப் போலவே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள். உழவுக் கை கட்டடக் கையாக மாறியதன் தடம் இது.

அதே உழவர் சின்ன வெங்காயத்தைச் சேமிக்கப் பட்டறை போடுகிறார். தரையிலிருந்து சற்று உயர்த்தி, பக்கங்களில் காற்று புகும்படி இடைவெளி விட்டு, மேலே ஓலை வேய்கிறார். வெங்காயம் புழுங்கினால் அழுகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவர் குடியிருக்கும் புதிய வீட்டில் முற்றம் இல்லை. எதிரெதிர்ச் சன்னல்கள் அரிது. பகல் வெயிலைக் குடித்த தளம் இரவெல்லாம் வெப்பத்தைக் கக்குகிறது. இந்த முரணை உழவரின் அறியாமையாகக் கொள்ளக் கூடாது. நகர வீடு எப்படி இருக்க வேண்டும் என்ற மாதிரிப் படம் வேறு தட்பவெப்பத்திலிருந்தும் வேறு வருமானத்திலிருந்தும் வந்தது.

வாசலும் மாறியது. சாலையோரத் திண்ணைகள் கடையாயின. உள்தெருத் திண்ணைகள் மதிலுக்கும் இரும்புக் கதவுக்கும் இடம்விட்டன. இதை இழப்பு என்று மட்டும் எழுதுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. பழைய திண்ணையில் எல்லாரும் உட்கார முடிந்ததில்லை. தலித் குடியிருப்பில் எழுந்த கான்கிரீட் தளம், தீக்கும் மழைக்கும் அஞ்சாத முதல் கூரை. அதைவிட மேலாக, சமமான கூரை.

நகரமா, கிராமமா?

ஊரின் நிர்வாகத் தகுதியும் நிலையாக இருக்கவில்லை. 2004இல் தமிழகத்தின் 561 பேரூராட்சிகள் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டு, 2006இல் மீண்டும் பேரூராட்சிகளாயின. எந்த வீட்டுத் திட்டம், எவ்வளவு மானியம், எந்த அலுவலகத்தில் வரைபட ஒப்புதல் என்பவை இத்தகுதியைப் பொறுத்தவை. கட்டட விதிகளும் மாறிவந்தன. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. 2019இல் மாநிலம் முழுமைக்கும் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்தன. மழைநீருக்காக ஒவ்வொரு வீட்டையும் திருத்த முடிந்த மாநிலத்தில், வெப்பத்துக்காகவும் திருத்த முடியும்.

முடிவுரை

குரும்பலூர் போன்ற ஊர்களில் நகர வாழ்வு கான்கிரீட்டின் வழியாகப் பாதுகாப்பையும் சமத்துவத்தையும் கொண்டுவந்தது; காற்றையும் நிழலையும் கொண்டுவரவில்லை. எனவே ஓலைக் கூரைக்குத் திரும்பச் சொல்வது தீர்வன்று. அரசு வீடுகளின் மாதிரி வரைபடத்தில் எதிரெதிர்ச் சன்னலும் சிறு தாழ்வாரமும் தளத்தின்மேல் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சும் இடம்பெற வேண்டும். பேரூராட்சி அலுவலகங்கள் வரைபட ஒப்புதலின்போதே இதை வலியுறுத்தலாம். ஊரெல்லாம் வீடு கட்டச் சிமெண்ட் கொடுத்த மண்ணில், வாழ ஏற்ற வீடு கேட்பது சலுகை அல்ல, உரிமை.