50 அங்குலம்: ஏடிவியின் முன்பக்க அகலம் யார் முடிவு பண்ணது?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடு ஒரே ஒரு நம்பரைச் சுத்தித்தான் போகப்போகுது. 50 அங்குலம். அதாவது 127 சென்டிமீட்டர். அமெரிக்காவில் மோட்டோகிராஸ் பந்தயத்துல ஓடுற நாலு சக்கர ஏடிவிகளைப் பாத்தீங்கன்னா, பெரும்பாலும் டயரோட வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரைக்கும் 50 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். ஷோரூம்ல விக்கிற பழைய ஸ்போர்ட்ஸ் மாடல்கள் பல 46 அங்குலம்தான். இந்த நாலு அங்குலத்தை எங்கிருந்து எடுக்கிறாங்க? ஏன் எடுக்கிறாங்க? இந்தக் கேள்வியைத் தோண்டினா, அது 1970-ல வந்த ஒரு மூணு சக்கர வண்டியில போய் நிக்குது. நடுவுல நூற்றுக்கணக்கான உயிர்களும் போயிருக்கு.

அகலம்ங்கிறது யாரோ எடுத்த முடிவு

எனக்குச் சொந்த ஊர் வையம்பட்டி. திருச்சியிலிருந்து திண்டுக்கல் போற வழியில, மணப்பாறை தாண்டினா வரும். அங்கே பெரியவங்க மாட்டுவண்டி பத்திப் பேசும்போது 'தடம்'னு ஒரு வார்த்தை வரும். மண் ரோட்டுல சக்கரம் போய்ப் போய் ரெண்டு பள்ளம் விழுந்திருக்கும், இல்லையா? அதுதான் வண்டித்தடம். புதுசா வண்டி செய்யுற ஆசாரி, ஊர்ல ஏற்கெனவே விழுந்திருக்கிற தடத்துக்கு ஒத்துப்போற மாதிரிதான் அச்சோட நீளத்தை வைக்கணும். இல்லைன்னா ஒரு சக்கரம் பள்ளத்துலயும் இன்னொண்ணு மேட்டுலயும் போகும். வண்டி சாயும், மாட்டுக்குக் கழுத்து வலிக்கும்.

எங்க ஊர் வழியாப் போற ரயில் பாதையும் அப்படித்தான். முதல்ல மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலம். 19-ஆம் நூற்றாண்டுல செலவைக் குறைக்க எடுத்த முடிவு அது. 1990-கள்ல அதே பாதையை 1,676 மில்லிமீட்டர் பிராட் கேஜா மாத்தினாங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி யாரோ போட்ட கணக்கை, பின்னாடி வந்தவங்க சுமந்தாங்க. ஏடிவியிலயும் இதேதான் நடந்தது. ஆனா அங்கே சுமந்தவங்கள்ல நிறைய பேர் சின்னப் பசங்க.

மூணு சக்கரம் எப்படி வந்தது

1960-களோட கடைசி. அமெரிக்காவுல ஹோண்டா டீலர்களுக்கு ஒரு பிரச்சினை. குளிர்காலத்துல பனி கொட்டும்போது பைக் விக்காது. குளிர்காலத்துலயும் விக்கிற மாதிரி ஏதாவது கொடுங்கன்னு ஜப்பானுக்குக் கேட்டாங்க. ஒசாமு டகெயுச்சிங்கிற ஹோண்டா இன்ஜினியர்கிட்ட வேலை போச்சு. அவர் ரெண்டு சக்கரத்துல ஆரம்பிச்சு ஆறு சக்கரம் வரைக்கும் விதவிதமாச் செய்து பார்த்தார். கையில இருந்தது சின்ன எஞ்சின், சுமார் 7 குதிரைத்திறன். அந்தச் சக்திக்கு, சேத்துலயும் பனியிலயும் நல்லா ஓடினது மூணு சக்கரம்தான்.

1970-ல யுஎஸ்90 வந்தது. பிறகு பேரு ஏடிசி90 ஆச்சு. சஸ்பென்ஷன் கிடையாது. பலூன் மாதிரி 22 அங்குல டயர்தான் குலுக்கலை வாங்கும். கார் டயருக்கு 30 பிஎஸ்ஐ காத்து அடிப்போம்னா, இதுக்கு அதுல பத்துல ஒரு பங்குகூட கிடையாது. 1971-ல வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்துலயே இந்த வண்டி ஓடுது. விற்பனை ஏறிக்கிட்டே போய், 1984-ல மட்டும் ஹோண்டா வித்தது 3 லட்சத்து 70 ஆயிரம் வண்டி. நடுவுல 1981-ல ஏடிசி250ஆர்னு ரேஸுக்கான மாடலும் வந்திடுச்சு. பனிக்காகப் பிறந்த வடிவம், இப்போ முழு வேகத்துல ஓடுது.

முக்கோணத்தோட கணக்கு

இப்போ கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, பத்தாங்கிளாஸ் அளவுதான்.

ஒரு வண்டி பக்கவாட்டுல கவிழுமா இல்லையான்னு பார்க்க ஒரு எளிய வழி இருக்கு. இடது வலது சக்கரங்களுக்கு நடுவுல இருக்கிற தூரத்துல பாதியை எடுங்க. அதை வண்டியோட எடை மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்துல இருக்கோ, அதால வகுங்க. வர்ற எண் பெருசா இருந்தா வண்டி தரையில உக்காந்து நிக்கும். சின்னதா இருந்தா சாயும். அமெரிக்காவுல கார்களுக்குக் கவிழும் அபாய ரேட்டிங் கொடுக்க இதே எண்ணைத்தான் அடிப்படையா எடுத்தாங்க.

நாலு சக்கர வண்டி, சக்கர இடைவெளி ஒரு மீட்டர்னு வைங்க. எடை மையத்திலிருந்து பக்கவாட்டு விளிம்புக்கு 50 சென்டிமீட்டர் இருக்கும். இப்போ முன்னாடி ரெண்டு சக்கரத்தைக் கழட்டிட்டு நடுவுல ஒண்ணு போடுங்க. தரையில இருந்த செவ்வகம் முக்கோணமாயிடும். எடை மையம் முன்னுக்கும் பின்னுக்கும் சரி நடுவுல இருந்தா, அந்த இடத்துல முக்கோணத்தோட அரை அகலம் 25 சென்டிமீட்டர்தான். அதே நீளம், அதே பின் அச்சு, ஆனா நிலைத்தன்மை பாதி.

இதுல இன்னொரு சிக்கல். வளைவுல பிரேக் போட்டா எடை முன்னாடி போகும். முன்னாடி முக்கோணத்தோட கூர்முனை. அங்கே அகலமே பூஜ்யம். ஆட்டோ ஓட்டுற அண்ணன்களுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டாம், அவங்க கையே சொல்லும். ஆனா ஆட்டோவுல பின் சக்கரங்களுக்கு டிஃபரன்ஷியல் இருக்கு. வளைவுல வெளிச் சக்கரம் வேகமாவும் உள்சக்கரம் மெதுவாவும் சுத்தும். அந்த ஏடிசியில பின்னாடி ஒரே இரும்பு அச்சு, ரெண்டு சக்கரமும் ஒரே வேகம். திருப்பணும்னா உடம்பை வளைவுக்கு உள்பக்கம் சாய்ச்சு, அதே நேரத்துல வெளிப்பக்க ஃபுட்பெக்ல எடையைப் போட்டு, உள்சக்கரத்தை லேசா வழுக்க விடணும். பழகின ரைடருக்கு இது ஆட்டம் மாதிரி. 12 வயசுப் பையனுக்கு?

மருத்துவமனைகள்ல கேஸ் குவிஞ்சது. நூற்றுக்கணக்கான மரணங்கள், அதுல கணிசமானவங்க 16 வயசுக்குக் கீழே. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரணையில இறங்கினது. கடைசியில 1988 ஏப்ரல்ல நீதிமன்றம் மூலமா ஒரு ஒப்பந்தம்: மூணு சக்கர ஏடிவி விக்கிறதை கம்பெனிகள் நிறுத்தணும், பயிற்சி கொடுக்கணும், பெரிய எஞ்சின் வண்டியை 16 வயசுக்குக் கீழே உள்ளவங்களுக்கு விக்கக் கூடாது. அது பத்து வருஷ ஒப்பந்தம். பிறகு 2008-ல வந்த சட்டம், புது மூணு சக்கர ஏடிவி இறக்குமதியையும் விற்பனையையும் நேரடியாவே தடை பண்ணிடுச்சு.

நாலு சக்கரம் வந்ததும் எல்லாம் சரியாச்சா?

நாலு சக்கரம் அதுக்கு முன்னாடியே வந்திருந்தது. 1983 மாடலா சுஸுகி குவாட்ரன்னர் எல்டி125. பிறகு 1985-ல ரேஸுக்கான எல்டி250ஆர், 1986-ல ஹோண்டா டிஆர்எக்ஸ்250ஆர், 1987-ல யமஹா பான்ஷி. முன்னாடி ரெண்டு சக்கரம் வந்த பிறகுதான் 'முன்பக்க அகலம்'ங்கிற கேள்வியே பிறக்குது. அதுவரைக்கும் அது பூஜ்யம்!

ஆனா விபத்து நிக்கல. நாலு சக்கர ஏடிவியிலயும் இன்னைக்கு வரைக்கும் அமெரிக்காவுல வருஷத்துக்கு நூற்றுக்கணக்கானவங்க இறக்கறாங்க. காரணம், அகலத்தைக் கூட்டினாலும் எடை மையத்தோட உயரம் அப்படியே இருக்கு. சீட்டுக்கு மேல ஒரு ஆள் உக்கார்ந்திருக்கார், அவர் எடையும் அதோட சேரும்.

அப்போ 46-லிருந்து 50-க்குப் போனா என்ன கிடைக்கும்? டயர் அகலத்தைக் கழிச்சா, சக்கர இடைவெளி தோராயமா 97 சென்டிமீட்டர்லேர்ந்து 107 ஆகும். எடை மையம் 60 சென்டிமீட்டர்ல இருந்தா, நம்ம எண் 0.81-லிருந்து 0.89-க்கு ஏறும். பத்து சதவீதம். ரேஸ்ல ஒவ்வொரு வளைவுலயும் பத்து சதவீதம்னா அது பெரிய விஷயம். அதனால மோட்டோகிராஸ்காரங்க விதி அனுமதிக்கிற கடைசி அங்குலம் வரைக்கும் போறாங்க. மரங்களுக்கு நடுவுல ஓட்டுற கிராஸ்-கன்ட்ரிக்காரங்களுக்கு இது உதவாது. ரெண்டு மரத்துக்கு நடுவுல நுழையணுமே! அமெரிக்க வனத்துறைப் பாதைகள்லயும் 50 அங்குலம்தான் ரொம்ப காலமா பரவலா இருந்த எல்லை. யமஹா இதைப் புரிஞ்சுக்கிட்டு ஒரே 450 வண்டியை ரெண்டு அகலத்துல வித்தது. மோட்டோகிராஸுக்கு ஒய்எஃப்இசட்450ஆர், கிட்டத்தட்ட 49 அங்குலம். காட்டுப் பாதைக்கு 450எக்ஸ், சுமார் 46. வண்டித்தடம் கதைதான் மறுபடியும். பாதைதான் அகலத்தைச் சொல்லுது.

அங்குலத்தை எங்கே கூட்டுறது?

இதுக்கு ரெண்டு வழி.

முதல் வழி, சக்கரத்தோட ஆஃப்செட். ஏடிவி ரிம்கள்ல '4 பிளஸ் 1', '3 பிளஸ் 2'னு போட்டிருக்கும். அஞ்சு அங்குல ரிம்மை, ஹப்புல போல்ட் பண்ற தகடு ரெண்டாப் பிரிக்குது. 4 பிளஸ் 1-னா நாலு அங்குலம் உள்ளே, ஒரு அங்குலம் வெளியே. 3 பிளஸ் 2 போட்டா ஒவ்வொரு சக்கரமும் ஒரு அங்குலம் வெளியே தள்ளும். மொத்தம் ரெண்டு அங்குலம் கூடும். செலவு ரெண்டு ரிம் மட்டும்தான். ஸ்பேசர் போட்டா இன்னும் மலிவு.

ஆனா இதுக்கு வட்டி உண்டு. ஹேண்டில்பாரைத் திருப்பும்போது சக்கரம் ஒரு அச்சைச் சுத்தித் திரும்புது. அந்த அச்சைக் கோடு போட்டு நீட்டினா தரையில ஒரு புள்ளியில வந்து தொடும். அந்தப் புள்ளிக்கும் டயரோட நடுவுக்கும் இருக்கிற தூரம்தான் ஸ்க்ரப் ரேடியஸ். ரிம்மை ஒரு அங்குலம் வெளியே தள்ளினா இதுவும் 25 மில்லிமீட்டர் கூடும். சக்கரம் ஒரு கல்லுல முட்டி 1,000 நியூட்டன் விசை வந்தா, திருகு விசை 25 நியூட்டன்-மீட்டர் கூடுதலா ஸ்டியரிங்குக்குப் போகும். கை வெடவெடன்னு ஆடும். வீல் பேரிங்குக்கும் பாரம் கூடும்.

ரெண்டாவது வழி, நீளமான ஏ-ஆர்ம். சக்கரத்தோட சேர்ந்து அந்தத் திரும்பும் அச்சும் வெளியே போறதால ஸ்க்ரப் ரேடியஸ் அப்படியே இருக்கும். சக்கரம் மேலும் கீழும் போறதும் இன்னும் நேராப் போகும். ஆனா ஷாக் அப்சார்பர், டை ராட், பிரேக் ஹோஸ் எல்லாமே அதுக்கு ஏத்த மாதிரி மாறணும். இல்லைன்னா பள்ளத்துல இறங்கும்போது வண்டி தானா திரும்பும். இப்படி நீள ஆர்ம் போட்டவங்கதான் 4 பிளஸ் 1 ரிம்மைத் தேடி வாங்கறாங்க, ஏன்னா அகலம் ஏற்கெனவே ஆர்ம்லயே கிடைச்சாச்சு.

நம்ம ஊர் மைதானம்

இந்தக் கணக்கை இந்தியாவுல அதிகம் போடுறவங்க காலேஜ் பசங்க. பாஹா எஸ்ஏஇ போட்டி அமெரிக்காவுல 1976-ல தெற்கு கரோலினா பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்சது. இந்தியாவுல எஸ்ஏஇ இந்தியா அதை 2007-ல, இந்தூர் பக்கத்துல பீதம்பூர்ல தொடங்கினது. தமிழ்நாட்டிலிருந்தும் வருஷா வருஷம் அணிகள் போகுது. இது ரோல் கேஜ், சீட் பெல்ட்டோட ஒருத்தர் உக்கார்ற பக்கி. இங்கே எல்லை 162 சென்டிமீட்டர். எல்லா அணிக்கும் ஒரே எஞ்சின். அதனால ஜெயிக்கிறது தோக்கிறது எல்லாம் எடையிலயும், சஸ்பென்ஷன்லயும், அகலத்துலயும்தான்.

பல அணிகள் மாருதி 800, ஆல்டோவோட ஹப், நக்கிளை எடுத்து வேலையைத் தொடங்கும். அந்த நக்கிள் கார் ரிம்முக்காகச் செய்தது. அதுல ஏடிவி ரிம்மை மாட்டினா ஸ்க்ரப் ரேடியஸ் என்னாகும்? இதைப் பேப்பர்ல போட்டுப் பாத்த அணிக்கு, நாலு மணி நேர எண்டியூரன்ஸ் ரேஸ்ல டிரைவரோட கை தாங்கும். முன்பக்கத்தைப் பின்பக்கத்தை விடக் கொஞ்சம் அகலமா வைக்கிறதும் பல அணிகள்ல வழக்கம். முன் சக்கரம் நுழைஞ்ச இடத்துல பின் சக்கரமும் நுழைஞ்சிடும், டிரைவர் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

உங்க கார்ல இருக்கிற அதே நம்பர்

ஏடிவியே ஓட்டாத நமக்கு இதுல என்ன இருக்கு? உங்க காரோட அலாய் வீலுக்குப் பின்னாடி 'ஈடி 40' மாதிரி ஒரு எண் இருக்கும். அதுவும் ஆஃப்செட்தான். ஈடி 40-ஐக் கழட்டிட்டு ஈடி 25 போட்டா, சக்கரம் பக்கத்துக்கு 15 மில்லிமீட்டர் வெளியே வரும். பார்க்க கெத்தா இருக்கும். அந்த 15 மில்லிமீட்டரை சஸ்பென்ஷன் டிசைன் பண்ண இன்ஜினியர் எதிர்பார்க்கல. பேரிங்கும் ஸ்டியரிங்கும் அதைத் தினமும் சுமக்கும். அடுத்த தடவை அலாய் கடையில நிக்கும்போது டிசைனைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கம்பெனி ரிம்மோட ஈடி எண்ணைக் கேளுங்க. புது ரிம்லயும் அதுக்குப் பக்கத்துல இருக்கிற எண்ணையே எடுங்க. ரிசார்ட்ல ஏடிவி ரைடுக்குப் போனா ஹெல்மெட் கொடுக்காத இடத்துல ஏறாதீங்க. சின்னப் பிள்ளைகளைப் பெரிய வண்டியில தனியா உக்கார வைக்கவே வேண்டாம்.

இந்த எபிசோடு பிடிச்சிருந்தா, உங்க காலேஜ் பாஹா டீம்ல இருக்கிற ஃப்ரெண்டுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.