கூலி மட்டுமா, பொருளோடு சேர்த்தா?

என் முன்னால் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று, அண்ணன் வீடு கட்டியபோது மேஸ்திரி பழைய டைரியில் ஒரு பக்கத்தைக் கிழித்து எழுதிக் கொடுத்தது. மேலே பிள்ளையார் சுழி, அதன்கீழ் சதுரடிக்கு இவ்வளவு கூலி, வாங்கிய அட்வான்ஸ், கையெழுத்து. மொத்தம் ஏழே வரி. இன்னொன்று, 20 ரூபாய் முத்திரைத்தாளில் தொடங்கி நான்கு பக்கத்துக்குத் தட்டச்சு செய்தது. தங்கை வீட்டுக்கானது. அவள் கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். கூட நின்று பார்க்க ஆளில்லை என்பதால் சாமானோடு சேர்த்து ஒரே கான்ட்ராக்டரிடம் விட்டார்கள். அண்ணன் லேபர் மட்டும் விட்டார்.

தமிழ்நாட்டில் தனி வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் வருகிறார்கள். எது மலிவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வேலையில் ஒரு தவறு நேர்ந்தால் அது யார் பணத்தைக் கரைக்கும் என்று கேட்பதுதான் முக்கியம் என்று இரண்டு வீடுகளையும் பார்த்தபிறகு எனக்குத் தோன்றுகிறது.

ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். ஒன்பது அங்குலச் சுவர் எழும்பும்போது தூக்குக்குண்டுக்குக் கொஞ்சம் விலகிவிட்டது. பிரித்துக் கட்ட யாருக்கும் மனம் வராது, பூச்சில் சரிக்கட்டிவிடுவார்கள். அரை அங்குலம் பூச வேண்டிய இடத்தில் ஒன்றரை அங்குலம் ஏற்றினால் பார்வைக்கு நேராகிவிடும். லேபர் கான்ட்ராக்டில் அந்தக் கூடுதல் கனத்துக்கான சிமெண்ட் வீட்டுக்காரருடையது. சதுரடிக்குக் கூலி பேசிய மேஸ்திரிக்கு வேகம்தான் லாபம், மூட்டைக் கணக்கு அவருடையதல்ல. அண்ணன் வீட்டு ஹாலில் ஜன்னலோரம் பூச்சு ஏறிக்கொண்டே போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சித்தாள் சட்டி சட்டியாகக் கலவை கொண்டுவந்து கொடுத்தார். கீழே சிந்தியது அள்ளப்படாமல் அங்கேயே இறுகிப்போனது.

அதே சுவர் தங்கை வீட்டில் என்றால் கான்ட்ராக்டரே கொத்தனாரைத் திட்டியிருப்பார், ஏனென்றால் சிமெண்ட் அவருடையது. ஆனால் மூட்டையை மிச்சப்படுத்தும் அந்த அக்கறை கலவைக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. குடிபோன மூன்றாம் மாதம் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடித்தாள். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்து உள்ளங்கை அளவுக்குப் பள்ளம் விழுந்தது. விரலால் தேய்த்தால் மணல் மணலாக வந்தது. ஒப்பந்தத்தை எடுத்துப் புரட்டினோம். "தரமான பொருள்களைக் கொண்டு கட்டித் தரப்படும்" என்று ஒரு வரி இருந்தது. ஒன்றுக்கு நாலா, ஒன்றுக்கு ஆறா என்ற கலவைக் கணக்கு இல்லை. எந்தச் சிமெண்ட், எந்தத் தரக் கம்பி, செங்கல் எங்கிருந்து என்பதும் இல்லை. நான்கு பக்கமும் பணம் எப்போது தர வேண்டும் என்பதைத்தான் விரிவாகப் பேசின.

அண்ணனின் தாளில் விடுபட்டது வேறு. பிளானில் வீடு 1,150 சதுரடி. வேலை முடிந்ததும் மேஸ்திரி 1,310 என்று கணக்குக் கொடுத்தார். போர்ட்டிகோ 90, மாடிப்படி ஹெட்ரூம் 70. இரண்டையும் கட்டியது அவர்தான், அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் திறந்த போர்ட்டிகோவுக்கு முழுக் கூலியா, பாதியா? சன்ஷேடும் கைப்பிடிச்சுவரும் சதுரடியில் அடங்குமா, தனியா? செப்டிக் டேங்க்? ஊருக்கு ஊர், மேஸ்திரிக்கு மேஸ்திரி வழக்கம் மாறுகிறது. எழுதாமல் விட்டால் இருவரும் தங்களுக்குத் தெரிந்த வழக்கத்தையே நியாயம் என்று நம்புகிறார்கள்.

லேபர் கான்ட்ராக்ட் விட்டவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: சாமான் வாங்கித் தருவது வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்ட கடமை. எம்சாண்ட் வராமல் அண்ணன் வீட்டில் நான்கு நாள் வேலை நின்றது. "அண்ணே, ஆளுங்களை வேற சைட்டுக்கு விட்டா திரும்பி வரமாட்டாங்க. இங்கயே வெச்சிருந்தா சனிக்கிழமை கூலிக்கு நான் எங்கே போவேன்?" என்று மேஸ்திரி கேட்டார். அண்ணனிடம் பதில் இல்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 54-ஆவது பிரிவில் இதற்கு வெகு நெருக்கமான ஓர் உதாரணமே இருக்கிறது. ஒருவர் கட்டட வேலையை ஒரு தொகைக்கு ஒப்புக்கொள்கிறார். சாரச் சாமானும் மரமும் மற்றவர் தர வேண்டும். அவர் தர மறுத்ததால் வேலை நடக்கவில்லை என்றால், ஒப்புக்கொண்டவர் வேலை செய்யக் கடமைப்பட்டவரல்லர். நஷ்டத்துக்கு ஈடும் அவருக்குக் கிடைக்க வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளாக நம் மேஸ்திரிகளுக்காகச் சட்டத்தில் இருக்கும் இந்தப் பாதுகாப்பு ஒரு டைரித் தாளிலாவது எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை. சாமான் தாமதமானால் நாளுக்கு இவ்வளவு காத்திருப்புக் கூலி என்று ஒரு வரி எழுதினால் போதும்.

பண விஷயத்தில் லேபர் முறை இரு தரப்புக்கும் பாதுகாப்பானது என்பேன். சனிக்கிழமை தோறும் நடந்த வேலைக்குப் பணம் போகிறது. யார் விலகினாலும் இழப்பு ஒரு வாரக் கணக்குதான். முழு கான்ட்ராக்டில் பேஸ்மெண்ட், லிண்டல், ரூஃப், பூச்சு என்று கட்டம் கட்டமாகப் பெருந்தொகை போகிறது. தங்கையின் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு தவணையும் அந்தக் கட்டம் "தொடங்கும்போது" என்றிருந்தது. வங்கியோ வேலை எந்த அளவுக்கு முடிந்திருக்கிறது என்று பார்த்தே கடனை விடுவிக்கிறது. நடுவில் விழுந்த இடைவெளியை அவள் நகையை அடகு வைத்து அடைத்தாள். ரூஃப் பணம் போனபிறகு ஆறு வாரம் சைட்டில் ஆளே இல்லை.

வரியிலும் வித்தியாசம் உண்டு. தனி வீட்டுக்குக் கூலி மட்டும் பேசிச் செய்யும் புதுக் கட்டுமானத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. பொருளோடு சேர்த்து எடுத்தால், பதிவு பெற்ற கான்ட்ராக்டர் 18 சதவீதம் வசூலிக்க வேண்டும். "பில் இல்லாமல் போட்டுக்கலாமே" என்ற பேச்சு இங்கிருந்துதான் தொடங்குகிறது. பில்லை விட்டவர் பின்னால் வழக்குக்கு வேண்டிய சாட்சியத்தையும் விட்டுவிடுகிறார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தருவதையும் சேவை என்றே சொல்கிறது. குறை இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கூலி பாக்கி நின்றுபோன மேஸ்திரிக்கு அந்தக் கதவு திறக்காது. அவர் சிவில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், கெடு மூன்று ஆண்டு. வாய்ப்பேச்சும் சட்டப்படி ஒப்பந்தம்தான் என்றாலும் அதை நிரூபிக்க அவர் கையில் என்ன இருக்கும்?

தண்ணீர் விடுவதை இரண்டு தாளுமே மறந்திருந்தன. கான்கிரீட்டை ஈரம் காயாமல் குறைந்தது ஏழு நாள், நம் ஊர் வெயிலுக்குப் பத்து நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. அண்ணன் வீட்டில் அண்ணி தினமும் காலையும் மாலையும் ஹோஸ் பிடித்தார். தங்கை வீட்டு ரூஃப் எத்தனை நாள் நனைந்தது என்று சொல்ல ஆளில்லை.

நின்று பார்க்க ஆளிருந்தால் நான் லேபர் முறையைத்தான் சொல்வேன். தங்கை போன்றவர்களுக்கு அது முடியாது. இப்போது மாடி எடுக்கும்போது அவள் நடுவழியாக ஒன்றைச் செய்திருக்கிறாள். சிமெண்டும் கம்பியும் அவள் பொறுப்பு, மற்றது எல்லாம் கான்ட்ராக்டர் பொறுப்பு. தவணை ஒவ்வொன்றும் அந்தக் கட்டம் "முடிந்தபின்". புதுத் தாளின் பின்பக்கம் மாடியின் கோட்டுப் படம் இருக்கிறது. பால்கனிக்கு மேல் "பாதி" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சிமெண்ட் தாமதமானால் நாளுக்கு எவ்வளவு என்ற வரியைக் கான்ட்ராக்டர் கேட்டார். அவள் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள்.