தோலும் தகடும்: இரண்டு டூம்ஸ்டேக்கள்

ஆவணம் தானாகவே நினைவைச் சுமந்து நிற்கிறது என்பது வரலாற்றாளர்களின் வசதியான நம்பிக்கை. வாசிக்கிற ஆள், வாசிப்பதற்கான கருவி, அந்த ஆளுக்குச் சோறு போடுகிற நிறுவனம், இந்த மூன்றும் இல்லாத இடத்தில் ஆவணம் வெறும் பொருள்தான். இங்கிலாந்தின் இரண்டு கணக்கெடுப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

1085 கிறிஸ்துமஸின்போது முதலாம் வில்லியம் க்ளோஸ்டரில் உத்தரவிட்டு, 1086இல் எடுக்கப்பட்டது முதல் கணக்கு. எத்தனை ஏர், எத்தனை ஆலை, எத்தனை அடிமை, யார் கையில் எந்த நிலம் என்றெல்லாம் லத்தீனில், தோலில் எழுதினார்கள். நாட்டைப் பிடித்தவன் தனக்கு என்ன தேறும் என்று தெரிந்துகொள்ள எழுதிய பிரதி அது. அதில் குடியானவர் எண்ணிக்கையாக வருவார், பேசமாட்டார்.

இதன் 900ஆம் ஆண்டை ஒட்டி பிபிசி, ஏகார்ன், பிலிப்ஸ், லாஜிக்கா ஆகியவை சேர்ந்து இன்னொரு டூம்ஸ்டேவைச் செய்து 1986இல் வெளியிட்டன. பிரிட்டனை 4 கி.மீ.க்கு 3 கி.மீ. கட்டங்களாகப் பிரித்தார்கள். பள்ளிப்பிள்ளைகள் தங்கள் தெருவையும் கடையையும் அன்றாடத்தையும் எழுதினார்கள், படம் பிடித்தார்கள். பங்கெடுத்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். எண்ணப்பட்டவர்கள் பேசத் தொடங்கிய பிரதி என்று இதைச் சொல்லலாம். ஆனால் பேச்சைப் போட்டு வைத்தது எதில்? லேசர் டிஸ்க்கில்.

லேசர் டிஸ்க் 1978இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில், வீட்டில் சினிமா பார்ப்பதற்கென்று விற்பனைக்கு வந்த 30 செ.மீ. தகடு. பார்வைக்கு சி.டி.யின் பெரியண்ணன். சரி, கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துட வேண்டியதுதானே என்று கேட்கலாம். முடியாது. அளவு மட்டும் காரணம் இல்லை. சி.டி.யில் இருக்கிற குழிகள் கடைசியில் ஒன்று, பூஜ்யம் என்ற எண்களாகிவிடும். லேசர் டிஸ்க்கில் குழியின் நீளமும் இடைவெளியும் தொடர்ந்து மாறிக்கொண்டே ஒரு அலையைச் சுமக்கின்றன. படம் அலையாகத்தான் இருக்கிறது, எண்ணாக இல்லை. எண்ண மட்டுமே தெரிந்த கம்ப்யூட்டருக்கு அங்கே எண்ணுவதற்கு ஒன்றும் கிடையாது.

டூம்ஸ்டே தகட்டில் சிக்கல் இரட்டிப்பு. வரைபடமும் புகைப்படமும் அலையாக, ஒரு பக்கத்துக்கு 54,000 சட்டங்கள்வரை வைக்கக்கூடிய இடத்தில். எழுத்தும் புள்ளிவிவரமும் எண்ணாக, ஒலிக்கான தடத்தில், பக்கத்துக்குச் சுமார் 300 மெகாபைட். இரண்டையும் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்ட, பிலிப்ஸ் இதற்கென்றே செய்த இயக்கியும் பிபிசி மாஸ்டர் கணினியும் சேர்ந்தாக வேண்டும். ஒன்று போனால் மற்றது ஊமை.

பிற்பாடு இது ஒரு நீதிக்கதையாகவே ஆகிவிட்டது. தோல் 900 வருஷம் நின்றது, தகடு பதினைந்து வருஷத்தில் செத்தது, ஆகவே பழசே உசத்தி! இந்தச் சொல்லாடலை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. தோல் தன் பலத்தால் மட்டும் நிற்கவில்லை. அதில் நில உரிமை இருந்தது, வரி இருந்தது, வழக்குகளுக்கு அது சாட்சியாக இருந்தது. அதைக் காப்பதில் அரசுக்கு ஆதாயம் இருந்தது. பிள்ளைகள் தங்கள் தெருவைப்பற்றி எழுதியதில் எந்தக் கருவூலத்துக்கு என்ன ஆதாயம்?

இன்னொன்று. தகடு பின்னால்தான் வாசிக்க முடியாமல் போனது என்பதும் முழு உண்மை இல்லை. முழு அமைப்பின் விலை அன்றைக்கே சுமார் 5,000 பவுண்டு. எழுதிக்கொடுத்த பள்ளிகள் பலவற்றுக்கே அது எட்டாத தொகை. தங்கள் குரல் தங்களுக்கே திரும்பக் கேட்காத ஏற்பாடு ஆரம்பத்திலேயே உள்ளே இருந்தது. வழக்கொழிதல் என்பது காலத்தின் வேலை மட்டும் அல்ல, விலைப்பட்டியலின் வேலையும்தான்.

மீட்பின் வரலாறும் இதையே சொல்கிறது. 1999இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்கள் தொடங்கிய கேமிலியான் திட்டம், பழைய கணினியைப்போலவே நடிக்கிற மென்பொருளைச் செய்து 2002இல் டூம்ஸ்டேவை மறுபடி ஓட்டிக் காட்டியது. 2011இல் பிபிசி, மக்கள் எழுதிய பகுதியை இணையத்தில் போட்டது. 2018இல் அந்தத் தளத்தையும் மூடிவிட்டது. அதன் படி இப்போது தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையச் சேமிப்பில் இருக்கிறது. பயனியர் கம்பெனி 2009இல் இயக்கிகள் செய்வதை நிறுத்திவிட்டது. இருக்கிறவை பழசாகிக்கொண்டிருக்கின்றன.

இதற்கிடையில் ஆர்வலர்கள் சிலர் வேறு வழி பிடித்தார்கள். இயக்கி படமாக மாற்றித் தருவதற்குக் காத்திராமல், லேசர் வாசிக்கிற மூல அலையையே இடைமறித்து, விநாடிக்கு 4 கோடி மாதிரிகளாக எடுத்துக் கணினியில் சேமிக்கிறது டூம்ஸ்டே டூப்ளிகேட்டர் என்கிற அவர்களது கருவி. அலையைப் படமாக்கும் வேலையை எல்டி-டிகோட் என்கிற திறந்த மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. தகட்டைச் சுழற்ற மட்டும் பழைய இயக்கி இன்னமும் வேண்டும். நுட்பம் இருக்கட்டும், இதன் அரசியலைப் பாருங்கள். வாசிக்கிற முறை கம்பெனியின் பெட்டிக்குள் ரகசியமாக இல்லாமல், யாரும் படித்துத் திருத்தக்கூடிய எழுத்தாக வெளியே வந்துவிட்டது.

ஆக, எது நீடிக்கும், தோலா தகடா என்ற கேள்வியே தவறு. வாசிக்கத் தெரிந்திருப்பதை யார் தங்கள் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. 1086இல் லத்தீன் தெரிந்த எழுத்தர்கள் வைத்திருந்தார்கள். 1986இல் இயக்கி செய்தவர்கள் வைத்திருந்தார்கள். பத்து லட்சம் பேர் சொன்னது இரண்டாவது தடவையும் அவர்கள் கையைவிட்டுப் போய், சம்பளம் இல்லாத சிலரின் பிடிவாதத்தால் கொஞ்சம் திரும்பியிருக்கிறது.