உத்தியோகம் விட்டவர்கள்

மாதம் பிறந்தால் சம்பளம் என்னும் ஏற்பாடு நம் நாட்டில் வேரூன்றுவதற்கு முன்னால், உத்தியோகத்தை எப்பொழுது விடுவது என்ற கேள்வி பெரும்பாலோருடைய மனத்தில் எழுந்திருக்க நியாயமில்லை. கிராமத்துக் கர்ணம் தம் கணக்குச் சுவடிகளைத் தந்தையிடமிருந்து பெற்றார். கண் மங்கத் தொடங்கியதும் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதச் சொன்னார். மகன் எழுதத் தொடங்கிய நாள் எது, தாம் எழுதுவதை நிறுத்திய நாள் எது என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாதபடி அந்த மாறுதல் நிகழ்ந்து முடிந்துவிடும். மணியக்காரர், தலையாரி, வெட்டியான் ஆகியோர் விஷயத்திலும் இதுவே வழக்கம். வேலை தனி மனிதனுக்கு உரியதாக இல்லாமல் குடும்பத்துக்கு உரியதாக இருந்தபடியால், அதை விட்டுப் போவதென்றால் குலத்தையும் ஊரையும் விட்டுப் போவதாகவே பொருள்பட்டது.

இந்தப் பழைய முறையை ஆங்கில அரசாங்கமும் சட்டென்று உதறிவிடவில்லை. பரம்பரைக் கிராம உத்தியோகங்களைப் பற்றி 1895-ஆம் வருஷத்தில் சென்னை அரசாங்கம் இயற்றிய மூன்றாவது சட்டம், கர்ணம் காலமானால் அவருடைய வாரிசே அந்த ஸ்தானத்துக்கு வரவேண்டும் என்பதை ஒப்புக்கொண்டதோடு நில்லாமல், வாரிசு மைனராக இருந்தால் அவன் பெயரைப் பதிந்துகொண்டு, அவனுக்கு வயது வந்து தகுதி பெறும்வரை வேறொருவரை வைத்து வேலையை நடத்தலாம் என்றும் வகை செய்தது. தொட்டிலில் கிடக்கும் சிசுவுக்கும் உத்தியோகம் காத்திருந்த தேசம் இது! வமிசாவளியைக் கொண்டு ஒருவருக்கு முன்னுரிமை கொடுப்பது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று சுப்ரீம் கோர்ட்டு 1960-இல் தீர்ப்பளித்தது. அதற்கும் இருபது வருஷத்துக்குப் பின், 1980-இல், தமிழ்நாட்டு அரசு கர்ணம், மணியம் முதலிய பதவிகளையே எடுத்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக விட்டுப் போக வேண்டிய அவசியமே இல்லாதிருந்தவர்கள் ஓர் அவசரச் சட்டத்தால் ஒரே நாளில் போக நேர்ந்தது.

கச்சேரி உத்தியோகத்தின் கதை வேறு. சம்பளமும், அதன் முடிவில் பென்ஷனும் என்ற இரண்டும் வந்த பிறகு, மனிதனுடைய வாழ்நாளின் நடுவே ஒரு கோடு விழுந்துவிட்டது. கடல் கடந்து வந்த சிவிலியன், விடுமுறைகள் உட்பட இருபத்தைந்து வருஷம் சேவகம் செய்துவிட்டு, வருஷத்துக்கு 1000 பவுன் உபகாரச் சம்பளத்துடன் தன் ஊருக்குக் கப்பலேறினான். அவன் எந்த வருஷத்தில் போவான் என்பது அவன் வந்திறங்கிய தினத்திலேயே தெரிந்த கணக்கு. நம்மவர்களுக்கோ, 1922-இல் அமலுக்கு வந்த அடிப்படை விதிகள் 55 வயதை எல்லையாக வகுத்தன. குமாஸ்தா வர்க்கத்தார் மட்டும் திறமை குன்றாதிருந்தால் 60 வரையில் இருக்கலாம். சுதந்தரத்துக்குப் பிறகு மத்திய சர்க்கார் அந்த எல்லையை 1962-இல் 58 ஆகவும், 1998-இல் 60 ஆகவும் தள்ளிவைத்தது.

கோழி மேய்த்தாலும் கவர்ன்மெண்டில் மேய்க்க வேண்டும் என்ற பழமொழியைப் படைத்துக்கொண்ட சமூகம், அந்தக் கோழிகளை விட்டுப் பிரிய மனமில்லாமல் செய்த உபாயங்கள் பல. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போதே ஒன்றிரண்டு வயதைக் குறைத்து எழுதிவைப்பது தகப்பன்மார்களின் தீர்க்க தரிசனமாக இருந்தது. அதனால் ஜாதகத்தில் ஒரு பிறந்த நாளும் சர்வீஸ் ரிஜிஸ்தரில் ஒரு பிறந்த நாளுமாக வாழ்ந்து, சஷ்டியப்த பூர்த்தியை விமரிசையாகச் செய்துகொண்டு, மறுநாள் காலையில் காரியாலயத்துக்குப் போய்க் கையெழுத்திட்ட கனவான்களும் உண்டு. எக்ஸ்டென்ஷன் வேண்டி மேலதிகாரியின் வாசலில் எலுமிச்சம்பழத்தோடு காத்து நின்றவர்களைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் இந்தக் கட்டுரை வேறு திசையில் போய்விடும்.

மேல்மட்டத்திலும் போகும் வேளையை அறிந்தவர்கள் சிலரே. சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியாகிய ஸர் தி. முத்துசாமி ஐயர், 1895-ஆம் வருஷம் ஜனவரியில் பதவியில் இருக்கும்போதே காலமானார். அவருக்குப் பின் அந்த ஸ்தானத்துக்கு வந்த எஸ். சுப்பிரமணிய ஐயர், கண்பார்வை குறைவதை உணர்ந்து 1907-இல் தாமாகவே விலகினார். விலகியவர் அன்னி பெஸண்டு அம்மையாருடன் சேர்ந்து ஹோம் ரூல் இயக்கத்தில் ஈடுபட்டு, நீதிபதியாக இருந்தபோது செய்ய இயலாதவற்றையெல்லாம் செய்தார். மைசூரில் 1883 முதல் பதினெட்டு வருஷம் திவானாக இருந்த ஸர் கே. சேஷாத்ரி ஐயரோ, உடல் நலிவுற்று 1901-ஆம் வருஷத்தின் தொடக்கத்தில் ஓய்வு பெற்று, அந்த வருஷம் முடிவதற்குள்ளாகவே மறைந்தார். கோலார்த் தங்கச் சுரங்கத்துக்குச் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரத் திட்டமிட்ட அந்தப் பெரியவருக்குத் தம் சொந்த வாழ்க்கைக்கென்று ஒரு வருஷம்கூட மிஞ்சவில்லை.

பெரிய பதவிகளைத் துறந்தவர்களின் கதைகளைப் பத்திரிகைகளும் சரித்திர நூல்களும் மறவாமல் எழுதிவைத்திருக்கின்றன. எனினும், விலகுதல் என்ற காரியத்தை ஒரு கலை போலச் செய்து காட்டியவர் யார் என்று என்னைக் கேட்டால், மாதச் சம்பளத்துக்குத் தமிழ்ப் பாடம் சொன்ன ஒரு பண்டிதரைத்தான் காட்டுவேன். கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த பூவாளூர்த் தியாகராச செட்டியார், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். எவருக்கும் அஞ்சாமல் தம் கருத்தைச் சொல்லுபவர் என்று பெயர் வாங்கியவர். காவிரிக் கரையில், கேம்பிரிட்ஜோடு ஒப்பிட்டுப் பெருமை பேசப்பட்ட அந்தக் கல்லூரியில் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் இருந்த மதிப்பு தமிழுக்கு இல்லாத காலம் அது. அப்படிப்பட்ட இடத்தில் தம் புலமையினாலும் கண்டிப்பினாலும் ஒரு கௌரவத்தைச் சம்பாதித்துக்கொண்ட செட்டியார், ஐம்பத்து நான்கு வயதை எட்டும் தறுவாயில், தேகம் தளர்ந்துவிட்டதென்று கண்டு, யாரும் தம்மைப் போகச் சொல்வதற்கு முன்பே போகத் தீர்மானித்தார்.

தீர்மானித்தது பெரிதன்று, அதன் பிறகு அவர் செய்ததுதான் விசேஷம். தமிழாசிரியர் பதவி காலியாகப் போகிறதென்றால் அதை நாடி வருவோர் பலர் இருப்பர். சிபாரிசுக் கடிதங்களும் உறவு முறைகளும் வேலை செய்யும். செட்டியாரோ, தாம் விட்டுச் செல்லும் நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்பதைத் தாமே ஆராய்ந்து, தம் ஆசிரியரிடமே கடைசிக் காலத்தில் பாடம் கேட்டவரும், திருவாவடுதுறை ஆதீனத்தில் மாணாக்கர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவருமாகிய உத்தமதானபுரம் சாமிநாதையரைத் தேர்ந்தார். ஐயருக்கு அப்போது இருபத்தைந்து வயது நிரம்பவில்லை. கல்லூரித் தலைவர் கோபால ராவிடம் எடுத்துச் சொல்லி அவரை இசையவைப்பது ஒரு பங்கு வேலையென்றால், ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடம் சென்று, மடத்துக்குக் கண்மணியாக இருந்த ஒரு வித்துவானை விட்டுக்கொடுக்கும்படி கேட்பது மூன்று பங்கு வேலை. தேசிகருக்கு மனம் எளிதில் வரவில்லை. ஆயினும் அவர் பெரிய மனம் படைத்தவர். மடத்தின் நிழலில் இருப்பதைக் காட்டிலும் வெளியுலகில் அந்த இளைஞர் விளங்குவது நல்லது என்பதை உணர்ந்து ஆசி கூறி அனுப்பினார். ஆக, அந்த ஒரு காரியத்துக்குள் இரண்டு விலகல்கள் அடங்கியிருந்தன: முதியவர் ஒருவர் கல்லூரியை விட்டார், இளையவர் ஒருவர் தம்மைத் தாய்போல் காத்த மடத்தை விட்டார். பின்னவருடையதே அதிகக் கடினமாக இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன். ஓய்வு பெறுகிறவருக்குத் தேகம் துணை நின்று காரணம் காட்டும். அன்பு செலுத்துகிற இடத்தை விட்டு வளர்ச்சியைத் தேடிப் போகிறவனுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இராது.

கல்லூரியாசிரியர்கள் கூடிப் பரீக்ஷித்துப் பார்த்துத் திருப்தியடைந்த பிறகு, 1880-ஆம் வருஷம் பிப்ரவரி 16-ஆம் தேதி சாமிநாதையர் மாதம் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் வேலையை ஒப்புக்கொண்டார். அதே வருஷம் அக்டோபரில், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் போய்க் கண்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று தாம் படித்த நூல்களை வரிசையாக ஐயர் சொல்ல, அவற்றுக்கெல்லாம் முற்பட்ட நூல்களைப் படித்ததுண்டா என்று முதலியார் கேட்டார். அந்தக் கேள்வியின் பயனாகச் சீவக சிந்தாமணி 1887-இல் அச்சேறியது. அதன் வழியே பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் வெளிவந்தன. செட்டியார் இன்னும் ஐந்து வருஷம் இருந்து பார்ப்போம் என்று எண்ணியிருந்தால், முன்சீபு வேறு ஊருக்கு மாற்றலாகியிருப்பார். அந்தச் சந்திப்பு நிகழ்ந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. சிந்தாமணி வெளிவந்த மறு வருஷம் செட்டியார் காலமானார். பிற்காலத்தில் சென்னைத் திருவேட்டீசுவரன்பேட்டையில் குடியேறிய சாமிநாதையர், தம் வீட்டுக்குத் ‘தியாகராஜ விலாசம்’ என்று பெயரிட்டார். தம்மை வேலையில் அமர்த்தியவரின் பெயரை வீட்டு வாசலில் பொறித்துக்கொள்வது அடிக்கடி காணக்கூடிய காரியமன்று.

இதற்கு மாறாக, ஆசனம் காலியாகட்டும், அதில் யார் வந்தால் என்ன என்று எழுந்தவர்களும் உண்டு. அவர்களுடைய காரணங்கள் வேறு. பஞ்சாபில் நடந்த ராணுவச் சட்டக் கொடுமைகளைக் கண்டு மனம் பொறாமல், வைஸ்ராயின் நிர்வாக சபையில் ஏக இந்திய அங்கத்தினராக இருந்த ஸர் சி. சங்கரன் நாயர் 1919-ஆம் வருஷம் ஜூலையில் ராஜினாமாச் செய்தார். உமக்குப் பதிலாக யாரை நியமிக்கலாம் என்று வைஸ்ராய் கேட்டபோது, வாசலில் நின்ற தம் டவாலிச் சேவகனைக் காட்டி, பார்வைக்குக் கம்பீரமாக இருக்கிறான், எதற்கும் சரி என்று சொல்லுவான் என்று அவர் கூறியதாக ஒரு கதை வழங்குகிறது. இரண்டு வருஷம் கழித்து, ஐ.ஸி.எஸ். பரீக்ஷையில் நான்காவதாகத் தேறிய சுபாஷ் சந்திர போஸ், வேலையில் சேராமலே அதை விட்டார். கோரக்பூரில் காந்தியடிகளின் சொற்பொழிவைக் கேட்ட பிரேம்சந்து, நீண்ட காலம் பார்த்த சர்க்கார் உபாத்தியாயர் வேலையைத் துறந்தார். இவர்களுக்கு வேளையை அறிவித்தது சொந்த வயதோ தளர்ச்சியோ அன்று, தேசத்தின் கடிகாரம்.

அறிவின் பொருட்டு விட்டவர் ஸி. வி. ராமன். திருச்சிராப்பள்ளியில் பிறந்த அவர், பதினெட்டு வயதில் நிதி இலாகாப் பரீக்ஷையில் முதல்வராகத் தேறி, 1907-இல் கல்கத்தாவில் உதவி அக்கௌண்டண்டு ஜெனரல் ஆனார். பௌபஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் நிறுவியிருந்த விஞ்ஞான சங்கத்தில் விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் சோதனை செய்வதும், நடுப்பகலில் சர்க்கார் கணக்குகளைச் சரிபார்ப்பதுமாகப் பத்து வருஷத்தின் பெரும்பகுதி கழிந்தது. கல்கத்தா சர்வகலாசாலைத் துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜி பாலித் பேராசிரியர் பதவிக்கு அழைத்தபோது, சம்பளம் பெரிதும் குறையும் என்று தெரிந்தும் ராமன் இசைந்தார். அயல்நாட்டில் பயிற்சி பெற்று வரவேண்டும் என்ற நிபந்தனைக்கு மட்டும் உடன்பட மறுத்தார். நிபந்தனை கைவிடப்பட்டது, 1917-இல் அவர் கணக்குப் புத்தகங்களை மூடினார். பெரும் பதவியும் பென்ஷனும் நிச்சயமாகக் காத்திருந்த பாதையிலிருந்து இருபத்தெட்டாம் வயதில் இறங்கியது எவ்வளவு பொருத்தமான வேளை என்பதற்கு 1928-ஆம் வருஷக் கண்டுபிடிப்பும் 1930-ஆம் வருஷ நோபல் பரிசும் சாட்சி.

ஆயினும், ஒருமுறை வேளையறிந்தவர் எப்பொழுதும் அறிவார் என்று நினைப்பதற்கில்லை. 1933-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் டைரக்டராகப் போன ராமன், அங்கே நிர்வாகத்தோடும் சகாக்களோடும் மோதிக்கொண்டார். விசாரணைக் கமிட்டி ஒன்று வந்து போயிற்று. முன்பு தாமாகவே ஒரு பதவியை உதறியவர், இப்பொழுது பிறர் வற்புறுத்தும் வரையில் பிடித்துக்கொண்டிருந்து, 1937-இல் டைரக்டர் ஸ்தானத்தை விட நேர்ந்தது. அதற்கப்புறம் அதே கழகத்தில் பதினொரு வருஷம் பௌதிகப் பேராசிரியராக இருந்தார். 1948-இல் ஓய்வு வயது வந்தபோது, அதே ஊரில் தமக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையத்தைக் கட்டி முடித்திருந்தார். அங்கே விதிகளைச் செய்பவரும் அவற்றுக்குக் கட்டுப்படுபவரும் அவர் ஒருவரே. 1970-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் எண்பத்திரண்டாம் வயதில் காலமாகும்வரையில் அந்த வேலையை அவர் விடவில்லை.