‘ரேடியோ நெல்’லைக் கேட்டவர் யார்?

ஆடுதுறை 27 என்ற குறுவை நெல் 1960-களில் தஞ்சையில் வேகமாகப் பரவிற்று. திருச்சி வானொலி இடைவிடாது எடுத்துச் சொன்னதால் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வந்துவிட்டது.

கேட்டவர் யார்? வால்வு வானொலிக்கு மின்சாரமோ பெரிய பாட்டரியோ வேண்டும். ஆகவே பல ஊர்களில் பஞ்சாயத்துப் பெட்டி ஒன்றுதான். மாலையில் அப்பாக்கள் அதைச் சுற்றி அமர்ந்தனர். பகலெல்லாம் நாற்று நட்ட அம்மாக்களோ அடுப்படியில்! அவர்களுக்குச் செய்தி அப்பா வாய்வழியே வந்ததுதான்.

1947-இல் பிறந்த டிரான்சிஸ்டருக்குச் சிறு மின்கலங்களே போதும். அது வீட்டுக்குள் நுழைந்தபின் அம்மா காதுக்கும் திருச்சி எட்டிற்று (திருகும் குமிழ் பெரும்பாலும் அப்பா கையில்தான்!).

இன்று வாட்சப், முகநூல். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் 57 சதவீதம், பெண்கள் 33.