கரண்டி பிடித்த நட்சத்திரங்கள் - 3: நாளிதழில் கொதித்த சூப்

பணக்கார வீட்டு விருந்தாளிக்குச் சமையல்காரரின் முகமே தெரியாத காலம். லண்டன் ரிஃபார்ம் கிளப்பில் மட்டும் கதை வேறு. 1837இல் அங்கே தலைமைச் சமையல்காரராகச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர் அலெக்ஸி சோயே, எரிவாயு அடுப்புகளோடு தான் அமைத்த சமையலறையைச் சீமான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் தாமே சுற்றிக் காட்டினார். அவருடைய உடைகளோ, தொப்பி முதல் கோட்டு வரை எல்லாம் கோணலாக வெட்டித் தைத்தவை. நூல்கள் எழுதினார், தன் பெயரிலேயே சாஸ் விற்றார். பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுவதையும் விடவில்லை.

1847இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் உச்சத்தில் இருந்தது. ஏழைகளுக்கு மலிவு சூப் செய்வது எப்படி என்று நாளிதழில் எழுதினார் சோயே. அரசு அவரை டப்ளினுக்கு அனுப்பியது. ஏப்ரல் 5ஆம் தேதி கஞ்சித்தொட்டி திறந்தது. மணி அடித்தால் நூறு பேர் உள்ளே வருவார்கள். கரண்டிகள் சங்கிலியில் பிணைத்திருக்கும். குடித்து முடித்ததும் அடுத்த நூறு பேர். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் பசியாறினார்கள்.

பெயர் வாங்கித்தந்த அச்சே திருப்பியும் அடித்தது. 2 காலன், அதாவது சுமார் 9 லிட்டர் தண்ணீருக்குக் கால் பவுண்டு இறைச்சி போட்டால் உடம்பில் என்ன ஒட்டும் என்று கேட்டது ‘லான்செட்’ மருத்துவ இதழ். திறப்பு விழாவன்று பட்டினிக்காரர்கள் குடிப்பதைக் கனவான்கள் காசு கொடுத்து வேடிக்கை பார்த்ததும் கண்டனத்துக்கு உள்ளானது.

சோயே முடங்கவில்லை. கிரிமியப் போரில் சிப்பாய்கள் படும் பாட்டை ‘டைம்ஸ்’ நிருபர் வில்லியம் ரசல் எழுதிக்கொண்டிருந்தார். 1855 பிப்ரவரியில் அதே நாளிதழுக்குச் சோயே ஒரு கடிதம் போட்டார்: சொந்தச் செலவில் வருகிறேன், ராணுவ மருத்துவமனைச் சமையலைச் சீர்செய்கிறேன்.

அவர் போய்ச் சேர்ந்த ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனையில் இறைச்சியைக் கட்டையில் இறுக்கிக் கட்டி வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பகுதி குழைந்துபோகும், மறுபகுதி வேகாது. சத்து இறங்கிய தண்ணீரோ தரையில் கொட்டப்பட்டது. கட்டைத் தளர்த்தி, அந்தத் தண்ணீரையே சூப்பாக்கினார் சோயே. அங்கிருந்த செவிலியர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலோடு சேர்ந்து பணியாற்றினார். கொஞ்சம் விறகில் பட்டாளத்துக்கே சமைக்கும் அடுப்பொன்றையும் வடிவமைத்தார். 1858இல், 48 வயதில் அவர் மறைந்தபின்னும் நூறாண்டுக்கு மேல் பிரிட்டிஷ் ராணுவத்தில் அந்த அடுப்பு எரிந்தது.

விளம்பரப் பிரியர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஊரறிந்த பெயர் இல்லாத ஒரு வெளிநாட்டுச் சமையல்காரரை எந்தத் தளபதி முகாமுக்குள் விட்டிருப்பார்?

(அடுத்த வாரம்: 1963, பாஸ்டன் தொலைக்காட்சியில் ஜூலியா சைல்ட்)