அல்-பாத்தின்: மறைந்தவனா, உள்ளவனா?

குர்ஆனின் 57ஆம் அத்தியாயத்துக்கு ‘அல்-ஹதீத்’ என்று பெயர். இரும்பு என்று பொருள். அதன் மூன்றாம் வசனத்தில் இறைவனுக்கான நான்கு பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன: அல்-அவ்வல், அல்-ஆகிர், அஸ்-ஸாஹிர், அல்-பாத்தின். முதல் இரண்டும் காலக் கணக்கு. எல்லாவற்றுக்கும் முந்தியவன், எல்லாவற்றுக்கும் பிந்தியவன். மூன்றாவது, வெளிப்படையானவன். நான்காவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதில்தான் சிக்கல்.

‘மறைந்தவன்’ என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் ‘மறைந்த’ என்ற சொல்லோடுதான் இரங்கல் சுவரொட்டியே அடிப்பார்கள். என்றென்றும் இருப்பவனுக்கு அந்தச் சொல் ஆகுமா? ‘ஒளிந்தவன்’ என்றால் ஏதோ தப்பு செய்துவிட்டு வைக்கோல்போருக்குப் பின்னால் பதுங்கியவன் மாதிரி ஆகிவிடும். ‘மறைவானவன்’ கொஞ்சம் தேவலை. தமிழ்க் குர்ஆன் மொழிபெயர்ப்புகளில் அதிகம் கண்ணில் படுவது ‘பகிரங்கமானவன், அந்தரங்கமானவன்’ என்ற இணை. இன்றைய பேச்சில் அந்தரங்கம் என்றால் அடுத்தவருக்குச் சொல்லக் கூடாத விஷயம். ஆனால் சொல்லின் பிறப்பு வேறு. வெளி அங்கம் பகிரங்கம், உள் அங்கம் அந்தரங்கம்.

அரபியிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஸாஹிர் என்ற சொல்லின் வேரிலிருந்து வருவது ‘ளஹ்ர்’, முதுகு. பாத்தின் என்ற சொல்லின் வேரிலிருந்து வருவது ‘பத்ன்’, வயிறு. வெளியே தெரியும் முதுகும் உள்ளே மடிந்திருக்கும் வயிறுமாக ஒரே உடம்பின் இரண்டு பக்கங்களிலிருந்து இந்தச் சொற்கள் கிளைத்திருக்கின்றன. ஆக, பாத்தின் என்பதற்கு அடியில் இருப்பது ஒளிவு அல்ல, உள்.

பாபநாசம் வட்டாரத்தில் மதரசாவில் ஓதிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு ஹஜ்ரத்திடம் ஒருமுறை இதைக் கேட்டேன். கார்த்திகைக் கடைசி. சாலையின் இரண்டு பக்கமும் சம்பா சூல் கட்டி நின்றது. அவர் வயலைக் காட்டினார்.

“தம்பி, அங்க கதிரு தெரியுதா?”

“இன்னும் வரலியே, ஹஜ்ரத்.”

“வரல இல்ல. உள்ள இருக்கு. தண்டைத் தொட்டுப் பாத்தா வயிறு மாதிரி உருண்டு நிக்கும். கண்ணுக்குத் தெரியலேங்கிறதுக்காக இல்லேன்னு சொல்லிட்டு எந்தச் சம்சாரியாச்சும் தண்ணியக் கட்டாம இருப்பானா?”

கொஞ்ச தூரம் நடந்தபின் அவரே திருத்தினார். “இது ஒரு பேச்சுக்குச் சொன்னது. கதிரு பத்து நாள்ல வெளிய வந்துடும். அவன் அப்படி இல்ல. அவனுக்கு உவமையே கிடையாது. அத மறந்துடாதீங்க.”

அந்தத் திருத்தம் முக்கியமானது. இறைப்பெயர்களைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் ஓர் உவமையைச் சொல்லிவிட்டு உடனே அதைத் திரும்ப வாங்கிக்கொள்பவர்கள்தான். அவர்களில் பெரியவர் இமாம் கஸ்ஸாலி. 1111இல் மறைந்த இவர், இறைவனின் தொண்ணூற்றொன்பது பெயர்களுக்கு விளக்கமாகவே ‘அல்-மக்ஸதுல் அஸ்னா’ என்ற நூலை எழுதினார். ஸாஹிர், பாத்தின் இரண்டையும் அவர் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார். எழுதப்பட்ட ஒரே ஓர் எழுத்தைப் பார்த்தாலும் அதை எழுதியவனுக்கு உயிரும் அறிவும் ஆற்றலும் உண்டு என்று தெரிந்துகொள்கிறோம். உலகம் முழுக்க அப்படிப்பட்ட எழுத்து. அப்படியிருக்க அவன் ஏன் தெரியவில்லை? எங்கும் இடைவிடாமல் வெளிப்பட்டிருப்பதாலேயே தெரியவில்லை என்பது அவர் பதில். சூரியன் அஸ்தமிப்பதால்தான் வெளிச்சம் என்று ஒன்று தனியாக இருப்பதை அறிகிறோம். அது ஒருபோதும் மறையாதிருந்தால், பொருள்களின் நிறம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருப்போம். இதன்படி மறைவு அவன் போட்டுக்கொண்ட திரை அல்ல. நம் பார்வையின் போதாமை.

இதே கஸ்ஸாலிக்கு இந்தச் சொல்லோடு இன்னொரு கணக்கும் இருந்தது. அவர் காலத்தில் இஸ்மாயிலிகளை எதிராளிகள் ‘பாத்தினிய்யா’ என்று அழைத்தார்கள். வேதத்தின் வெளிப்பொருளுக்கு அடியில் உட்பொருள் உண்டு, அதை அறியத் தவறே செய்யாத ஓர் இமாமின் போதனை வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அரசியலும் இதில் கலந்திருந்தது. 1092இல் செல்ஜூக் அரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க் கொல்லப்பட்டபோது பழி அவர்கள்மேல் விழுந்தது. 1094இல் பட்டத்துக்கு வந்த கலீஃபா முஸ்தஸ்ஹிருக்காக, பாத்தினிய்யாவை மறுத்து கஸ்ஸாலி ஒரு நூலே எழுதினார். கலீஃபாவின் தேவைக்காக எழுதியது என்பதை மனதில் வைத்தே அதைப் படிக்க வேண்டும். ஆனாலும் அதில் உள்ள கேள்வி நியாயமானது. உள்ளே ஒன்று இருக்கிறது என்று சொன்ன மறுகணமே சாவி யார் கையில் என்ற பேச்சு வந்துவிடுகிறது. ‘ரகசியம்’ என்று பாத்தினைப் படித்தால் ஒரு தரகர் தேவைப்படுகிறார். ‘உள்’ என்று படித்தால் தேவைப்படுவதில்லை.

தமிழுக்கு வந்தபோது இந்தப் பெயருக்கு ஒரு வசதி கிடைத்தது. நம் மொழியில் ‘மறை’ என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. மறைப்பதும் மறை, வேதமும் மறை. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே வேதாரண்யம். அதன் பழைய பெயர் திருமறைக்காடு. வேதங்கள் வழிபட்டுப் பூட்டிப்போன கோயில் கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்பது அந்த ஊர்க் கதை. வேதமும் பூட்டிய கதவும் ஒரே பெயருக்குள் இருக்கின்றன. கொள்ளிடம் தாண்டினால் சிதம்பரத்தில் திரையை விலக்கி வெறும் வெளியைக் காட்டி ரகசியம் என்கிறார்கள். இந்த மொழிக்குள் பிறந்து வளர்ந்த முஸ்லிம்கள் தங்கள் வேதத்தை இயல்பாகவே ‘திருமறை’ என்றார்கள். 17ஆம் நூற்றாண்டில் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் தொடங்கி இன்றைய ஜும்ஆ பிரசங்கம் வரை அந்தச் சொல் புழங்குகிறது.

கொடுக்கல் வாங்கல் அதோடு நிற்கவில்லை. வேதாரண்யத்துக் கேடிலியப்ப பிள்ளையின் மகன் தாயுமானவர் 18ஆம் நூற்றாண்டில் ‘பராபரக்கண்ணி’ பாடினார். அடுத்த நூற்றாண்டில், தொண்டிப் பக்கத்தில் பிறந்து சென்னை ராயபுரத்தில் அடங்கிய சூஃபி குணங்குடி மஸ்தான் சாகிபு அதே பெயரில், அதே கண்ணி வடிவில் பாடினார். ‘மனோன்மணிக் கண்ணி’ என்றும் ஒன்று பாடினார். அதில் இறைவன் காதலி. கண்ணுக்குச் சிக்காத ஒருத்தியிடம் கெஞ்சிக்கொண்டே இருப்பது அந்தப் பாட்டின் போக்கு. இது முஸ்லிம் மரபுதானா என்று கேட்பவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் மஸ்தான் செய்தது எளிமையானது. பாத்தின் என்பதை விளக்காமல், அதை நோக்கிப் பேசினார். தூரத்தில் இருப்பவனை யாரும் அப்படிக் கடிந்தும் கொஞ்சியும் பேச மாட்டார்கள்.

டெல்டாவில் இந்தக் கேள்வி நூல்களில் நடந்ததைவிட நாகூரில்தான் அதிகம் நடந்திருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் வடக்கே மாணிக்கப்பூரிலிருந்து வந்த ஷாகுல் ஹமீது ஆண்டகை அங்கே அடங்கியிருக்கிறார். தஞ்சை நாயக்க மன்னர் ஒருவரின் தீராத நோயை அவர் தீர்த்தார் என்பது மரபுக் கதை. அரண்மனையில் ஊசிகள் குத்தி மறைத்து வைக்கப்பட்டிருந்த ஒரு புறாவைக் கண்டெடுத்து, ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாராம், மன்னர் தேறினாராம், நிலம் கொடுத்தாராம். அதனால்தான் இன்றும் தர்காவில் புறா விடுகிறார்கள். 1739 முதல் 1763 வரை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாப சிங், தர்காவின் ஐந்து மனோராக்களில் மிக உயரமான 131 அடி மனோராவைக் கட்டிக்கொடுத்தார். கடலில் வரும் தோணிக்கும் தெரிகிற ஸாஹிர் அது.

இங்கிருந்து கப்பலேறிய தமிழ் முஸ்லிம்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் ஆண்டவர் பெயரில் தர்கா கட்டினார்கள். சிங்கப்பூர் தெலோக் ஆயர் தெருவில் இருப்பது 1828-30இல் எழுந்தது. அவற்றுக்குள் அந்த மகானின் உடல் கிடையாது. அக்கரை போனவர்களுக்கு அது குறையாகவும் படவில்லை. கடல் கடக்கும்போது கூட வந்த நெருக்கத்தைத்தான் அவர்கள் அங்கே கட்டினார்கள் என்று நினைக்கிறேன்.

அடக்கத்தலத்தின் முன் நின்று கேட்பது சரியா என்ற சண்டை நமக்குத் தெரிந்ததுதான். 1980களுக்குப் பிறகு தவ்ஹீத் இயக்கங்கள் வலுத்தபோது டெல்டா ஊர்களிலும் அது சூடு பிடித்தது. ஒரே வீட்டில் தம்பி கந்தூரிக்குப் போகாமல் நிற்பதும், அண்ணன் சந்தனக்கூடு பார்க்கக் கிளம்புவதும் சகஜமாயிற்று. “பிடரி நரம்பைவிடப் பக்கத்துல இருக்கிறவன்கிட்ட பேச இடையில ஆள் எதுக்கு?” என்பது ஒரு பக்கம். “நாங்க அவன்கிட்டதான் கேக்குறோம், அவனோட நேசர் பக்கத்துல நின்னு கேக்குறோம்” என்பது மறுபக்கம். தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. எனக்குப் பட்டது ஒன்றுதான். கஸ்ஸாலியின் சாவிக் கேள்வி பாக்தாதிலிருந்து நாகூர் வரை வந்திருக்கிறது. அதோடு, இரண்டு பக்கமுமே தங்கள் கட்சிக்கு ஆதாரமாக வைப்பது மறைவை அல்ல, நெருக்கத்தை.

அந்த நெருக்கம் எந்தக் காரியத்துக்கு என்பதை ஒரு நபிமொழி சொல்கிறது. ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் உள்ளது. நபியின் மகள் ஃபாத்திமா, வீட்டு வேலைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று தந்தையிடம் கேட்டு வருகிறார். ஆளுக்குப் பதிலாக அவருக்குக் கிடைத்தது ஒரு துஆ. அதில் அந்த நான்கு பெயர்களும் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் விளக்கத்தோடு. அவனுக்கு முன் எதுவும் இல்லை, பின் எதுவும் இல்லை, மேலே எதுவும் இல்லை. பாத்தின் என்னும் இடத்தில், அவனைவிட நெருக்கமாக எதுவும் இல்லை என்ற பொருளையே அறிஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு அடுத்த வேண்டுதல் என்ன தெரியுமா? கடனை அடைத்துக் கொடு, வறுமையிலிருந்து விடுவி.

எத்தனை நூற்றாண்டு தத்துவம் பேசிய பெயர் இது! அது இறங்கி நிற்கும் இடம், வீட்டு வேலையில் களைத்துப்போன ஒரு பெண்ணின் தேவையும் கடனும். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் திறக்குமா என்று பார்த்து விதை வாங்கி, உரத்துக்கு நகையை வைத்து, சூல் கட்டும் நேரத்தில் வானத்தையே பார்த்துக் கிடக்கும் வீடுகள் எல்லா மதத்திலும் இருக்கின்றன. கடன் என்பது வெளியே தெரியாமல் ஒரு வீட்டுக்குள் இருக்கிற விஷயம். அடுத்த வீட்டுக்காரனிடம் சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல முடியாததைக் கேட்பவனுக்கு உள்ளே இருக்கிறவன் என்றுதான் பெயர் இருக்க முடியும்.

ஆனாலும் ‘உள்ளிருப்பவன்’ என்று அப்படியே மொழிபெயர்த்துவிட முடியாது. படைப்புக்குள் இறைவன் இறங்கிக் குடியிருக்கிறான் என்ற பொருளை இஸ்லாமிய அறிஞர்கள் ஏற்க மாட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ‘திருவணுக்கன் திருவாயில்’ என்று ஒரு வாசல் உண்டு. அணுக்கன் என்றால் பக்கத்திலேயே இருப்பவன். ‘அணுக்கமானவன்’ அழகான சொல்தான், ஆனால் அருகில் உள்ளவன் என்பதற்கு அல்-கரீப் என்று தனிப்பெயரே இருக்கிறது. அதனால் மொழிபெயர்ப்பாளர்களின் அந்தரங்கமானவனுக்கே நானும் திரும்புகிறேன். ஒரு திருத்தம் மட்டும்: அந்தச் சொல்லை ரகசியம் என்று படிக்க வேண்டாம். நம் வீட்டுப் பெரியவர்கள் யாரையாவது ‘அந்தரங்கமானவர்’ என்று சொன்னால் எதையும் நம்பிச் சொல்லலாம் என்று அர்த்தம். அந்தப் பொருளில் படித்தால் போதும்.